இதயத்தின் முன்னறிவிப்பு

சென்னை கே.கே. நகரின் சிவன் பூங்காவில் விடியற்காலையிலேயே நடைப்பயிற்சியாளர்களின் கூட்டம் தொடங்கிவிடும். அவர்களுள் அறுபது வயதைத் தொட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் சுற்று நடக்கையில் நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது. இடத்தோளும் கனக்கிறது. அருகிலுள்ள இருக்கையில் அமர்கிறார். மூன்று நான்கு நிமிடங்களில் வலி அடங்கிவிடுகிறது. 'வாயுப் பிடிப்பு' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, வீட்டிற்குச் சென்று ஓமத் தண்ணீர் அருந்துகிறார். மறுநாளும் அதே சுற்றில், ஏறத்தாழ அதே இடத்தில், அதே வலி. வாயுவுக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது. நடந்தால் வருவதும் நின்றால் போவதும் இதயத்தசையிலிருந்து எழும் வலியின் அடையாளம்.

மருத்துவர்கள் இதனை 'ஆஞ்சைனா' என்பர். தமிழில் மார்பு முடக்கு வலி எனப்படுகிறது. ஆஞ்சைனா என்னும் இலத்தீன் சொல் நெரிப்பைக் குறிப்பது. நோயாளர் பலர் இதனை 'வலி' என்று சொல்வதேயில்லை. பிசைகிறது, இறுக்குகிறது, கனக்கிறது, எரிகிறது என்பார்கள். 'வலியா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே விடை வரும். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்கும்போது இதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கழுத்து, கீழ்த்தாடை, முதுகு, கைகள், மேல்வயிறு ஆகிய இடங்களுக்கும் இவ்வுணர்வு பரவக்கூடும். பெண்களிடமும் நீரிழிவு உடையவர்களிடமும் நெஞ்சுவலி தெளிவாகத் தோன்றாமல், மூச்சிரைப்பாகவோ காரணமற்ற அயர்ச்சியாகவோ வெளிப்படுவது உண்டு. அடுப்படி வேலையின் களைப்பு என்று தாய்மார்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள், நாமும் ஒதுக்கிவிடுகிறோம்.

இந்நோயைத் தெளிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் எபர்டன். நடக்கும்போது, குறிப்பாக உண்டபின் மேட்டில் ஏறும்போது வருவதையும், நின்றதும் மறைவதையும் 1768ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். ஆயினும் காரணம் அவருக்குப் புலப்படவில்லை. அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்டு ஜென்னர் இதயத் தமனிகளே காரணம் என ஐயுற்றார். ஆனால் வெளியிடத் தயங்கினார். அவருடைய ஆசிரியரும் நண்பருமான அறுவை மருத்துவர் ஜான் அண்டருக்கே இந்நோய் இருந்தது. உண்மையைச் சொன்னால் நண்பர் மனம் உடைவார் என்று அஞ்சினார். 1793இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின்போது அண்டர் மயங்கி விழுந்து இறந்தார். அவர் உடலை ஆய்ந்தபோது இதயத் தமனிகள் தடித்து இறுகியிருந்தன.

வலி எவ்வாறு பிறக்கிறது?

இதய அறைகளில் குருதி நிறைந்திருந்தாலும், இதயத்தசை தனக்கான உணவை அங்கிருந்து பெறுவதில்லை. பெருந்தமனியின் அடிப்பகுதியில் பிரியும் வலம், இடம் என்னும் இரு இதயத் தமனிகளே தசைக்குக் குருதி தருகின்றன. பிற தசைகள் ஓய்வின்போது தமக்கு வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கையிருப்பாக விட்டுவைக்கும். இதயத்தசையோ ஓய்விலேயே ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. ஆகவே வேலை கூடினால் கூடுதலான குருதி வந்தாக வேண்டும்; வேறு வழியில்லை.

புகையிலை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகை கொலஸ்ட்ரால் ஆகியவற்றால் தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிவு ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. இயற்பியலில் நீங்கள் பயிலும் பாய்சொய் சமன்பாட்டை இங்குப் பொருத்திப் பாருங்கள். குழாயின் ஆரம் பாதியானால், பிற யாவும் மாறாதிருக்க, பாய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். உடல் வெறும் குழாயன்று. அடைப்புக்கு அப்பாலுள்ள நுண்தமனிகள் விரிந்து ஓரளவு ஈடுகட்டும். அதனால்தான் ஓய்வில் வலி தோன்றுவதில்லை. படியேறும்போது தேவை பெருகுகிறது. ஈடுகட்டும் ஆற்றல் முன்னரே செலவாகிவிட்டது. குருதி போதாத தசை வலியால் முறையிடுகிறது. சினம், கடுங்குளிர், வயிறு நிறைந்த உணவு ஆகியனவும் இவ்வாறே வலியைத் தூண்டும்.

நோயை அறிதல்

பரிசோதனைக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் நோயாளர் சொல்லும் வரலாறே முதற்சான்று. எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எதனால் தணிகிறது என்னும் மூன்று வினாக்கள் பாதி விடையைத் தந்துவிடும். அடுத்தது இ.சி.ஜி. எனப்படும் இதய மின்னலை வரைவு. இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. 'இ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றுமில்லை' என்று நிம்மதியாக வீடு திரும்புவோர் பலர். வலியற்ற நேரத்தில் எடுத்த வரைவு இயல்பாக இருப்பதால் ஆஞ்சைனா இல்லை என்று ஆகிவிடாது. இதயத்திற்கு வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடுதளத்தின் விரைவும் சரிவும் கூட்டப்பட, நோயாளர் நடந்துகொண்டே இருக்கையில் மின்னலைகள் பதிவாகின்றன. தசையின் இயக்கத்தை எக்கோ காட்டும். மணிக்கட்டு அல்லது தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயமிட்டு எக்ஸ் கதிரால் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம், அடைப்பின் இடத்தையும் அளவையும் காட்டுகிறது.

மருத்துவம்

நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சில நிமிடங்களில் வலியைத் தணிக்கும். இதன் வரலாறு விந்தையானது. டைனமைட்டின் வெடிபொருளான நைட்ரோகிளிசரினை, ஆஞ்சைனாவுக்கு மருந்தாகப் பயன்படுத்தி 1879இல் எழுதியவர் வில்லியம் மரெல். டைனமைட்டைக் கண்டறிந்த ஆல்பிரட் நோபலுக்கே முதுமையில் அம்மருந்து பரிந்துரைக்கப்பட்டது. அது நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் குருதிக்குழாய்களைத் தளர்த்துகிறது. உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு ஒரு செய்திமூலக்கூறாக இயங்குவதைக் கண்ட மூவருக்கு 1998இல் அந்நோபலின் பெயரிலான பரிசே வழங்கப்பட்டது. இம்மாத்திரை இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். எனவே அமர்ந்த நிலையிலேயே உட்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டாரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்தானது.

இதயத்துடிப்பைக் குறைத்துத் தேவையைத் தணிக்கும் பீட்டா தடுப்பான், குருதி உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், கொழுப்புப் படிவைக் கட்டுப்படுத்தும் ஸ்டாட்டின் ஆகியவை நாள்தோறும் உட்கொள்ள வேண்டியவை. வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் இவற்றைத்தான் நிறுத்துகிறார்கள்.

மருந்துக்குக் கட்டுப்படாத நிலையில் அடைப்பை நேரடியாகச் சரிசெய்யும் முறைகள் உள்ளன. இந்தியாவின் முதல் இதயத் தமனி பைபாஸ் அறுவையை 1975இல் கே.எம். செரியன் நிகழ்த்தியது சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் என்பது நமக்குரிய பெருமை. 1977இல் சூரிச் நகரில் ஆந்திரியாஸ் கிருன்ட்சிக் பலூன் கொண்டு தமனியை விரித்தார். பின்னர் வலைக்குழாயான ஸ்டென்ட் வந்தது. இந்தியாவில் ஸ்டென்டின் விலைக்கு 2017இல் அரசு உச்சவரம்பு விதித்தது. எனினும் அடைப்பு என்றதும் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிலையான ஆஞ்சைனா உடையோர் பெரும்பாலோர்க்கு, முறையான மருந்துகளைக் காட்டிலும் ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டவில்லை என்பதை 2007, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியான பெரும் ஆய்வுகள் காட்டின. வலியைக் குறைக்க அது உதவும். மாரடைப்பின்போதோ அதுவே உயிர்காக்கும்.

எச்சரிக்கை மாறும்போது

முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்த வலி இப்போது பத்தடி நடந்தாலே வருகிறது, ஓய்விலும் வருகிறது, உறக்கத்திலிருந்து எழுப்புகிறது. இவை நிலையற்ற ஆஞ்சைனாவின் அறிகுறிகள். படிவு வெடித்து அதன்மேல் குருதி உறையத் தொடங்கியிருக்கலாம். முழுதும் அடைபட்டால் அதுவே மாரடைப்பு. அமர்ந்தபின்னும் ஐந்து நிமிடங்களில் தணியாத நெஞ்சழுத்தம், வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் சோடா வாங்கச் செல்லும் நேரத்தில் 108ஐ அழைத்திருக்க வேண்டும். நோயாளரை மாடிப்படியில் நடக்கவைத்து இறக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த கே.கே. நகர் போன்ற பகுதிகளில் இதை மறந்துவிடுகிறார்கள். நாற்காலியில் அமர்த்தித் தூக்கி வரலாம்.

பெரிய மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள ஊர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியுடன் வருவோர்க்கு ஆரம்ப, துணைச் சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகள் 14 மாத்திரைகளாக வழங்கப்படுகின்றன. அவற்றை உட்கொண்டபின் நோயாளர், ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் அனுப்பப்படுகிறார்.