வீட்டுக்குள் சொல்லப்படாத நன்றி



மருத்துவமனைக் குருவானவரின் கையில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. அவரிடம் இருப்பது வார்த்தை ஒன்றுதான். வார்த்தை காயத்தை ஆற்றுவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். என் வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தையே ஒருவரை நோகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். நன்றியைப் பற்றியும் பரிவோடு பேசுவதைப் பற்றியும் எழுத உட்காரும்போது, அந்தத் தவற்றிலிருந்து தொடங்குவதே நேர்மை என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மகனுக்கு வெளிநாட்டில் வேலை. கூட இருந்து பார்த்துக்கொண்டது மருமகள். அசைய முடியாமல் படுத்திருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். நர்சம்மா சொல்லிக்கொடுத்தபடி இரவெல்லாம் எழுந்து அதைச் செய்தாள் அந்தப் பெண். விடிந்ததும் அவள் கேட்டதெல்லாம், "கஞ்சி ஆறிப்போச்சு", "உனக்கு எதுக்கும் நேரம் தெரியாது" என்ற பேச்சுதான்.

ஒரு நாள் சாயங்காலம் வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும், "ஐயா, இருபது நாளா கிடக்கேன். ஒரு நல்ல வார்த்தை இல்லை. நானும் மனுசிதானே?" என்றாள். நான் உடனே, "பொறுமையா இரும்மா, கடவுள் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்" என்றேன். "சரிங்கய்யா" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் கடவுள் பார்க்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. மாமனார் பார்க்கிறாரா என்றுதான் கேட்டாள். அவள் பேச வந்த கதவை என் புத்திமதியால் சாத்திவிட்டேன்.

அவ என்ன அசலூர்க்காரியா?

மறுநாள் பெரியவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "மருமகளுக்கு ஒரு நன்றி சொல்லலாமே, பெரியவரே" என்றேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். "சொந்த மருமகளுக்கு நன்றி சொல்றதா? அவ என்ன அசலூர்க்காரியா?"

அவருடைய கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நம் வீடுகளில் நன்றி என்ற சொல் மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. தாய்க்கும் மனைவிக்கும் தம்பிக்கும் அதைச் சொன்னால், உறவை ஒரு முழம் தள்ளி வைத்ததுபோல் தோன்றும். எனினும், திருக்குறளில் இனியவை கூறல் பத்தாவது அதிகாரமாகவும், செய்ந்நன்றி அறிதல் அதையடுத்துப் பதினோராவது அதிகாரமாகவும் நிற்கின்றன. இன்சொல்லும் நன்றியும் அருகருகே இருக்கவேண்டியவை என்பதை நம் மொழி வெகு காலமாகவே அறிந்திருக்கிறது. அந்த இரண்டாம் அதிகாரத்தின் பெயரும் கவனிக்கத்தக்கது. நன்றி "கூறல்" அல்ல, "அறிதல்". செய்ததை அறிந்துகொள்வதே முதல் வேலை. சொல் அதற்குப் பிறகு, எந்த வடிவிலும் வரலாம்.

நம் பச்சைமலைக்கு மேற்கே இருக்கும் கொல்லிமலையில் இதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனெரித் தம்பதியர் அங்கே ஊழியம் செய்தார்கள். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் அவர்களுக்குப் பிறந்தவர். அவர்கள் பிரசங்கித்தும் வெகு நாளாக மலைமக்கள் நெருங்கி வரவில்லை. அங்கிருந்த பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். 1918-ல் உலகெங்கும் பரவத் தொடங்கிய விஷக்காய்ச்சல் கொல்லிமலையையும் பிடித்தது. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகப் போய், படுத்துக் கிடந்தவர்களுக்கு ஊட்டினார்கள். பூசாரியும் அந்தக் காய்ச்சலில் விழுந்தார். சாகும் தறுவாயில் தம் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை அவர் யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? தாம் எதிர்த்த அந்தத் தம்பதியரிடம்! அவர்கள் செய்ததை அறிந்துகொண்ட ஒரு மனிதன் தன் நன்றியைச் செய்கையால் சொன்ன விதம் அது.

சொன்னால் என்ன ஆகிறது?

அறிந்தால் போதாதா, வெளியே காட்டவும் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். இதை மனவியல் அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு குழுவினர் பத்து வாரங்கள், வாரம் ஒருமுறை, தாங்கள் நன்றியுள்ளவர்களாயிருக்கும் காரியங்களை எழுதி வந்தார்கள். இன்னொரு குழுவினர் தங்கள் தொல்லைகளை எழுதினார்கள். முதல் குழுவினரே தங்கள் வாழ்க்கையைக் குறித்து அதிக மனநிறைவு காட்டினார்கள்.

2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் நன்றிக் கடிதங்களை ஆராய்ந்தார்கள். "இதைப் படிப்பவருக்குச் சங்கடமாயிருக்குமோ" என்று எழுதியவர்கள் தயங்கினார்கள். பெற்றவர்களுக்கோ அவர்கள் எண்ணிய அளவு சங்கடம் இல்லை. எண்ணியதைவிட மகிழ்ச்சியே மிகுதியாயிருந்தது. நம் கூச்சம் நமக்குத் தப்புக்கணக்கு சொல்கிறது என்பதே இதன் பாடம்.

ஆளையல்ல, செயலைச் சொல்லுங்கள்

எப்படிச் சொல்வது? பவுல் அப்போஸ்தலன் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். காணிக்கை அனுப்பிய சபைக்கு, கட்டுண்ட நிலையில் இருந்த ஓர் ஊழியர் எழுதிய நன்றிக் கடிதம் அது. நான்காம் அதிகாரத்தில், உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்துவின் பெயரைக் குறிப்பிடுகிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அவர்கள் ஒருமுறைக்கு மேல் அனுப்பியதை நினைவுகூருகிறார். "எல்லாருக்கும் நன்றி" என்று பொதுவாக முடித்துவிடவில்லை.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களுக்குள் ஒருமனம் இல்லை. பவுல் அவர்களைத் திட்டவில்லை. இருவரிடமும் தனித்தனியே கெஞ்சிக் கேட்கிறார். சுவிசேஷத்துக்காகத் தம்மோடு அவர்கள் பட்ட பாட்டையும் மறக்காமல் சொல்கிறார். நன்றிக்கும் மனத்தாங்கலுக்கும் அவர் வைத்திருப்பது ஒரே வழி. மனிதருக்குப் பட்டம் கட்டாமல், நடந்ததைச் சொல்வது.

பரிவான உரையாடலைக் கற்பித்த அமெரிக்க மனவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934-2015) நான்கு படிகளை வகுத்தார். நடந்தது, அதனால் எழுந்த உணர்வு, அதற்கு அடியிலுள்ள தேவை, பிறகு ஒரு தெளிவான வேண்டுகோள். அந்த மருமகள், "உங்களுக்கு எப்பவும் குறைதான்" என்று சொல்லியிருந்தால் அது தீர்ப்பு. இப்படியும் சொல்லலாம்: "மாமா, காலையிலிருந்து மூணு தடவை கஞ்சி சரியில்லைன்னு சொன்னீங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நான் படுற பாடு உங்களுக்குத் தெரியணும்னு இருக்கு. எந்தச் சூட்டுல வேணும்னு முன்னாடியே சொல்றீங்களா?" இதில் நான்கு படிகளும் உண்டு, வசை ஒன்றும் இல்லை. நன்றிக்கும் அவர் இதேபோன்ற வழியைக் காட்டினார். இன்ன செயல் செய்தீர்கள், என் இன்ன தேவை நிறைவேறியது, அதனால் என் மனம் இப்படி இருக்கிறது என்று சொல்வதே அது.

கேட்பவருக்கும் இது பொருந்தும். பெரியவரின் "கஞ்சி ஆறிப்போச்சு" என்ற பேச்சுக்கு அடியில் என்ன இருந்தது? பருத்திக்கொல்லையில் நாளெல்லாம் நின்று பாடுபட்ட மனிதர், இன்று மலஜலத்துக்கும் மருமகள் கையை எதிர்பார்த்துக் கிடந்தார். அந்த மானக்கேட்டைச் சொல்ல வாய் வராமல், கஞ்சியைச் சொன்னார்.

ஓர் எச்சரிக்கை

நன்றியை யார் வாயையும் அடைக்கும் துணியாக்கிவிடாதீர்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம், "நன்றியுள்ளவளாயிரு, பொறுத்துப்போ" என்பது பரிவல்ல. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பும், அவள் சொல்வதை நம்பிக் கேட்கும் ஒருவரும். வராந்தாவில் நான் செய்த தவறும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

ஒரு வாரம் செய்து பாருங்கள்

இரவு ஜெப நேரத்தில், அன்று வீட்டில் ஒருவர் உங்களுக்காகச் செய்த ஒரு செயலை நினைத்துப் பாருங்கள். குழாயடியில் காத்திருந்து தண்ணீர் பிடித்ததாக இருக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதாக இருக்கலாம். மறுநாள் அதை அவரிடமே சொல்லுங்கள். நன்றி என்ற சொல் வராவிட்டால் பரவாயில்லை; செயலைச் சொன்னால் போதும். குறை சொல்லவேண்டி வந்தால், "எப்பவும்", "ஒருநாளும்" என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். யாராவது தங்கள் வேதனையைச் சொன்னால், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வசனத்தையும் புத்திமதியையும் சற்று நிறுத்தி வையுங்கள். போதகர்களுக்கு இது மிகவும் கடினம். அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்தப் பெரியவரிடம் அன்று நான் நன்றியைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. "ராத்திரி எத்தனை தடவை உங்களைப் புரட்டிப் படுக்க வைச்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். நாலு என்றார். பிறகு அஞ்சு என்றார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நான் வெளியே வந்து அந்த மருமகளைத் தேடிப் போய், "அன்னிக்கு நீ சொன்னதைக் கேட்காம புத்தி சொல்லிட்டேன், மன்னிச்சுக்கம்மா" என்றேன். அந்தத் தடவை அவள் அரைமணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்காக ஜெபித்துவிட்டு நிமிர்ந்தேன். பெரியவரின் குரல் கேட்டது. "ராவெல்லாம் தூங்கலையே நீ. சாப்பிட்டியா ஆயி?"

அவள் பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையைச் சரிசெய்தாள். நன்றி என்ற சொல் அவர் வீடு திரும்பும் வரை அவர் வாயில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இன்று ஒருவர் அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருக்கக் கூடும். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைக் குருவானவர்