‘அடுத்த ஊட்டி’யில் மனை வாங்கப் போகிறீர்களா?

ஊட்டியில் நெரிசல். குன்னூரில் விலை எட்டவில்லை. சமவெளியின் வெயிலுக்குத் தப்பி மலையில் ஒரு வீடு வேண்டும் என்று கோவை, சென்னை, பெங்களூருக்காரர்கள் கேட்டால், புரோக்கர்கள் சொல்லும் பதில் கோத்தகிரி. அதையும் தாண்டி கட்டபெட்டு, மஞ்சூர் என்று பேச்சு நீள்கிறது.

கோத்தகிரி ‘அடுத்த ஊட்டி’ ஆகும் என்ற கணிப்பில் உண்மை இருக்கிறது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ.தான். ஊட்டி அளவுக்குக் குளிரும் இல்லை. 1819-ல் மலையேறி வந்த ஜான் சல்லிவன் முதலில் தங்க இடம் தேடியதும் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில்தான். ஊட்டி அதன் பிறகுதான். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத சிறு விவசாயிகள் சிலர் தோட்டத்தை விற்கவும் முன்வருகிறார்கள். எனவே வெளியூர்க்காரர்கள் இன்னும் வருவார்கள்.

ஆனால், ஊர் வளரப்போகிறது என்பதாலேயே நீங்கள் வாங்கும் மனையில் வீடு கட்டலாம் என்று ஆகிவிடாது. பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

மலைக்குத் தனிச் சட்டம்

நீலகிரி முழுவதும் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. அரசு இதை அமைத்தது 1990-ல். மலைவாழிடங்களுக்கான கட்டட விதிகள் 1993-ல் வந்தன. இங்கே கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. மண்ணை வெட்டப் பொக்லைன் இறக்கவும் அனுமதி வேண்டும். மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு, ‘பண்ணை நிலம்’ என்றோ ‘பிரிக்கப்படாத பங்கு’ என்றோ விற்பவர்கள் இருக்கிறார்கள். பத்திரம் பதிவாகிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பதிவு என்பது கட்டட அனுமதி அல்ல. பிரிக்கப்படாத பங்கில் உங்கள் பத்து சென்ட் எது என்றுகூடக் காட்ட முடியாது. அனுமதியில்லாத மனைப்பிரிவின் மனைகளைப் பதிவு செய்ய பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவே தடை போடுகிறது.

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. 1969-ஆம் ஆண்டின் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் ‘பிரிவு 17 நிலம்’ எனப்படும் நிலங்களின் உரிமை பல ஆண்டுகளாகத் தீராத வழக்கு. சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டியவர்களின் வழக்கும் நினைவிருக்கட்டும். வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று தீர்ப்பளித்தது. வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ்ப் பழங்குடியினர் பெற்ற நிலத்தை வாரிசுகள் அனுபவிக்கலாம்; யாருக்கும் விற்க முடியாது. அதை வாங்கினால் உங்கள் பணமும் போகும், அவர்களின் வாழ்வாதாரமும் போகும்.

சரிவு மன்னிக்காது

2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் அருகே கட்டுமானப் பணியின்போது கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தனர். சரிவை நேராக வெட்டி, நீரோடையை மூடிக் கட்டும் ஒவ்வொரு வீடும் கீழே குடியிருப்பவர்களின் தலைக்கு மேல் நிற்கிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

• குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், புலப்படம் நான்கிலும் சர்வே எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
• அந்த சர்வே எண்ணில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று உள்ளாட்சி அலுவலகத்திலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும்.
• அந்த இடம் நிலச்சரிவு அபாயப் பட்டியலில் உள்ளதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.
• வெயில் காலத்தில் மட்டும் இடம் பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒருமுறை போய், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள்.
• 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான பதிவு எண்ணைக் கேளுங்கள். எழுத்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க புரமோட்டருக்கு உரிமையில்லை.

ஏமாந்துவிட்டால்

விளம்பரத்தில் சொன்னது பொய் என்றால், ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நில உரிமையில் குறை இருந்தால் 18-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. அதற்குக் காலவரம்பு தடையல்ல. சாலை, தண்ணீர் வசதியோடு மனை தருவதாகச் சொல்லி ஏமாற்றினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வேண்டுமென்றே மோசடி செய்திருந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள்.

ஊர்க்காரர்களுக்கும் உரிமை உண்டு. காலங்காலமாகப் புழங்கிய பாதையையோ ஊற்றுநீரையோ புதிதாக வாங்கியவர் வேலி போட்டு மறித்தால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் துணை நிற்கும். மேலே யாரேனும் அனுமதியின்றி மண் வெட்டினால் உடனே மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-ஐ அழைத்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவும் கொடுங்கள். வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். இலவச சட்ட உதவிக்கான எண் 15100.

தோட்டத்தை விற்கும் விவசாயியும் கவனமாக இருக்க வேண்டும். முழுப் பணம் கைக்கு வருமுன் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

எந்த ஊர் அடுத்து வளரும் என்று கணிப்பவர்கள் கணிக்கட்டும். மலையில் மனை வாங்க நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த சர்வே எண்ணில், இந்தச் சரிவில், சட்டப்படி வீடு கட்ட முடியுமா? அதற்கு எழுத்தில் பதில் கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.