242 ஆண்டுகள் கழித்து சட்டப்படி தேசியப் பறவையான அமெரிக்கக் கழுகு: சின்னத்தின் வரலாறும் பொருளும்

அமெரிக்காவின் கடவுச்சீட்டு, ஒரு டாலர் நோட்டு, அதிபர் உரையாற்றும் மேடை என எங்கும் காணப்படும் வெண்தலைக் கழுகு, அந்நாட்டின் தேசியப் பறவையாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது 2024 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய 242 ஆண்டுகளும் அதைத் தேசியப் பறவை என்று மக்கள் கருதி வந்தனரே தவிர, அவ்வாறு கூறும் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

கழுகு தொடர்பான பொருள்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்து வந்த பிரஸ்டன் குக் என்பவர் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். செனட் உறுப்பினர் ஏமி குளோபுச்சார் முன்மொழிந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அப்போதைய அதிபர் ஜோ பைடன் கையொப்பமிட்டதும் சட்டமானது. ரோஜா 1986-லும், ஓக் மரம் 2004-லும், பைசன் எனும் காட்டெருமை 2016-லும் தேசியச் சின்னங்களாகிவிட்ட நிலையில், அவற்றுக்கெல்லாம் மூத்த சின்னமான கழுகின் முறை கடைசியாகவே வந்தது.

சுதந்திரப் பிரகடனம் வெளியான 1776 ஜூலை 4 அன்றே அரசு முத்திரையை வடிவமைக்கக் குழு அமைக்கப்பட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின், தாமஸ் ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ் இடம்பெற்ற அக்குழுவின் வடிவம் ஏற்கப்படவில்லை. மேலும் இரு குழுக்கள் முயன்ற பின்னர், காங்கிரஸ் அவையின் செயலாளர் சார்லஸ் தாம்சன் அமெரிக்க மண்ணுக்குரிய வெண்தலைக் கழுகை நடுநாயகமாக வைத்தார். அந்த முத்திரை 1782 ஜூன் 20 அன்று ஏற்கப்பட்டது.

கழுகின் வலக்காலில் ஆலிவ் கிளை, இடக்காலில் 13 அம்புகள். 13 என்பது தொடக்கக்கால மாகாணங்களின் எண்ணிக்கை. போரையும் அமைதியையும் தீர்மானிக்கும் அதிகாரம் காங்கிரஸ் அவைக்கே உரியது என்பதையே கிளையும் அம்புகளும் உணர்த்துவதாகத் தாம்சன் விளக்கினார். அன்று அதிபர் பதவியே உருவாகியிருக்கவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அலகில் உள்ள இலத்தீன் வாசகத்தின் பொருள் ‘பலவற்றிலிருந்து ஒன்று’.

போர்க்காலத்தில் கழுகின் தலை அம்புகளின் பக்கம் திருப்பப்படும் என்பது வெறும் கதை. அரசு முத்திரையில் தலை எப்போதும் ஆலிவ் கிளையை நோக்கியே உள்ளது. அதிபரின் தனி முத்திரையில் மட்டும் அது அம்புகளை நோக்கியிருந்தது. அதனை 1945-ல் அதிபர் ட்ரூமன் மாற்றினார். வான்கோழியைச் சின்னமாக்கப் பிராங்க்ளின் பரிந்துரைத்தார் என்பதும் அத்தகையதே. முன்னாள் ராணுவ அதிகாரிகளின் சங்கம் ஒன்றின் பதக்கத்தில் இருந்த கழுகை 1784-ல் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேலி செய்தார், அவ்வளவே.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆங்கிலப் பெயரைக் கேட்டு இதனை மொட்டைக் கழுகு எனக் கருதுவோர் உளர். வெண்மையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எனவே வெண்தலைக் கழுகு என்னும் தமிழ்ப் பெயரே பொருத்தமானது.

நாணயங்களில் இவ்வளவு போற்றப்பட்ட பறவை, வயல்வெளியில் எதிரியாகவே நடத்தப்பட்டது. கால்நடைகளைத் தூக்கிச் செல்வதாகக் கூறிச் சுட்டுக் கொன்றனர். சால்மன் மீன்களைத் தின்கிறது என்று அலாஸ்காவில் 1917 முதல் கழுகைக் கொல்வோருக்குப் பரிசுத் தொகை வழங்கப்பட்டது. அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் கொல்லப்பட்டன. 1940-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் அலாஸ்காவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

பின்னர் வந்தது டி.டி.டி. பூச்சிக்கொல்லி. நீர்நிலைகளில் கலந்து மீன்கள் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்த இந்த நஞ்சு முட்டையோட்டை மெலிதாக்கியது. அடைகாக்கும் தாயின் எடையிலேயே முட்டைகள் நொறுங்கின. 1963-ல், அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாகாணங்களில் 500-க்கும் குறைவான ஜோடிகளே எஞ்சியிருந்தன. இந்தியா மயிலைத் தேசியப் பறவையாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

1972-ல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. மறு ஆண்டு வந்த அழிவாய்ப்பு உயிரினங்கள் சட்டமும் துணைநின்றதால் இனம் மீண்டது. 2007-ல் அப்பட்டியலிலிருந்து கழுகு நீக்கப்பட்டது. 2021-ல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி, 48 மாகாணங்களில் 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் கூடு கட்டுகின்றன. இன்றும் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருப்பது அந்நாட்டில் குற்றம்.

2024-ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சூட்டுகிறதே தவிர, கூடுதல் பாதுகாப்பு எதையும் அளிக்கவில்லை. வேட்டையில் சுடப்பட்ட விலங்குகளின் உடல்களைத் தின்னும்போது தோட்டாவின் ஈயமும் கழுகின் வயிற்றுக்குள் செல்கிறது. 38 மாகாணங்களில் ஆய்வு செய்யப்பட்ட கழுகுகளில் ஏறத்தாழப் பாதியளவுக்கு நாள்பட்ட ஈய நச்சுப் பாதிப்பு இருந்ததாக, ‘சயின்ஸ்’ இதழில் 2022-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. ஈயத் தோட்டாக்களுக்கு நாடு முழுவதற்குமான தடை, நீர்ப்பறவை வேட்டையில் மட்டுமே நடைமுறையில் உள்ளது.