மருந்து கடையில் `செட் மாத்திரை' வாங்குறீங்களா? பழைய மாத்திரையோடு மோதினால் உயிருக்கே ஆபத்து!

விழுப்புரம்,

"அண்ணே, கை கால் எல்லாம் ஒரே குடைச்சல். ஒரு செட் மாத்திரை குடுங்க.''

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மருந்து கடைகளில் சாயங்கால நேரத்தில் அடிக்கடி கேட்கும் குரல் இது. கரும்பு வெட்டி விட்டு வருபவர்கள், நாற்று நட்டு விட்டு வரும் பெண்கள், மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள் என்று பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். வலி மாத்திரை ஒன்று, காய்ச்சல் மாத்திரை ஒன்று, `கேஸ்' மாத்திரை ஒன்று. காகிதத்தில் மடித்து கையில் வந்து விடும்.

வலியும் போய் விடும். ஆனால் அதே ஆள் காலையில் ஏற்கனவே பி.பி. மாத்திரையும், சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டு இருப்பார். அங்கேதான் சிக்கல்.

யாருக்கும் தெரியாத மாத்திரை

இந்த பகுதியில் ஒரே ஆளுக்கு 3, 4 இடத்தில் இருந்து மாத்திரை வருகிறது. பி.பி., சர்க்கரைக்கு ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். 2021-ம் ஆண்டு தொடங்கிய `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடியும் இந்த மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. பெரிய வியாதி என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரி அல்லது திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி. இதயத்துக்கு புதுச்சேரி ஜிப்மர். உடம்பு வலிக்கு தெருமுனை மருந்து கடை.

ஒரு இடத்தில் கொடுத்தது இன்னொரு இடத்துக்கு தெரியாது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. தனியாக பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல மாத்திரைதான். ஒன்றாக வயிற்றுக்குள் போகும்போதுதான் வேலையை காட்டுகிறது.

கிட்னிக்கு வரும் கேடு

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்கு போகும் ரத்தத்தை குறைக்கும். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகளும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் கிட்னியில் இன்னொரு பக்கம் வேலை செய்யும். மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று செயல் இழக்கலாம். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். போதாததற்கு வலி மாத்திரையால் பி.பி.யும் ஏறும்.

இதயத்தில் அடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுவார்கள். வால்வு ஆபரேஷன் செய்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை உண்டு. இவர்கள் வலி மாத்திரை போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பாக போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

குடித்தவர் என்று விட்டுடாதீங்க

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டு விட்டு, சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அளவு சர்ரென்று இறங்கி விடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குளறும், அப்படியே சாய்ந்து விடுவார்கள். பார்ப்பவர்களோ `போதையில் கிடக்கிறான்' என்று விட்டு விட்டு போய் விடுவார்கள். உயிர் போவது அப்படித்தான்.

நினைவு இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு குடித்தால் வாந்தி, படபடப்பு வரலாம். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே நின்று போகலாம்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வைத்திருப்பவர்கள், நண்பன் கொடுத்தான் என்று `வீரிய மாத்திரை'யை தொடவே கூடாது. பி.பி. படுபாதாளத்துக்கு இறங்கி உயிரை குடித்து விடும்.

ஒரே மருந்து 3 பெயரில்

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650. உடம்பு வலிக்கு வாங்கும் மாத்திரையில் பாராசிட்டமால் 325 கலந்து இருக்கும். சளி மாத்திரையில் 500 இருக்கும். மூன்றையும் ஒரு வேளைக்கு போட்டால் 1,475 மில்லி கிராம். 3 வேளைக்கு 4,425 மில்லி கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவே 4 ஆயிரம்தான். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதை விட குறைவு. தாண்டினால் கல்லீரல் கெட்டு விடும்.

தேவை இல்லாமல் பல மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து விற்பதை மத்திய அரசே தடுத்து இருக்கிறது. 2018-ல் 328 கூட்டு மருந்துகளுக்கும், 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகளுக்கும் தடை போட்டது. அசிக்ளோபினாக் 50 மில்லி கிராமும், பாராசிட்டமால் 125 மில்லி கிராமும் கலந்த மாத்திரையும் 2024-ல் தடை செய்யப்பட்டதில் ஒன்று. கம்பெனி கலந்ததையே அரசு தடுக்கிறது. காகிதத்தில் மடித்து நாமே கலந்து சாப்பிடுவதை யார் தடுப்பது?

நாட்டு மருந்துக்கும் உண்டு

`நாட்டு மருந்துதானே, என்ன செய்யும்' என்று நினைக்க வேண்டாம். அதிமதுரத்தை நாள் கணக்கில் சாப்பிட்டால் பி.பி. ஏறும், உடம்பில் பொட்டாசியம் சத்து குறையும். வார்பரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் ஒரு நாள் கீரையை அள்ளி சாப்பிட்டு விட்டு, ஒரு வாரம் தொடாமல் இருந்தால் மருந்தின் வேகம் மாறும். எப்போதும் ஒரே அளவாக சாப்பிடுவதே நல்லது. தைராய்டு மாத்திரைக்கும் சத்து (இரும்பு, கால்சியம்) மாத்திரைக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். காச நோய்க்கான ரிபாம்பிசின் சாப்பிடும் பெண்களுக்கு கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது.

என்ன செய்யணும்?

* வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்த பையோடு போங்கள். நாட்டு மருந்தையும் சேர்த்து காட்டுங்கள்.

* மருந்து கடையில், "எனக்கு பி.பி. இருக்கு, சர்க்கரை இருக்கு, இந்த மாத்திரை எல்லாம் சாப்பிடுறேன்'' என்று முதலில் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தாலும் மறைக்காதீர்கள்.

* உதிரி மாத்திரை வாங்காதீர்கள். பெயர் தெரியும்படி அட்டையோடு வெட்டி வாங்குங்கள். அட்டையில் சிவப்பு கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாது.

* பக்கத்து வீட்டுக்காரருக்கு கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள்.

* இதை படித்து பயந்து போய் பி.பி., சர்க்கரை, இதய மாத்திரையை நீங்களாகவே நிறுத்தி விடாதீர்கள். அது இதை விட பெரிய ஆபத்து.

* புது மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு போங்கள். மருந்தால் ஏற்பட்ட பாதிப்பை மத்திய அரசின் 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் வேலை நாட்களில் தெரிவிக்கலாம்.

வலி மாத்திரைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். ஆனால் கிட்னி போனால் வாரத்துக்கு 2, 3 நாள் டயாலிசிஸ். அத்தனை நாள் கூலியும் போச்சு. கடையில் நின்று ஒரு நிமிஷம் வாய் திறந்து சொல்வதற்கு காசு எதுவும் ஆகாது என்பது குறிப்பிடத்தக்கது.