அழுக்கா, எனக்கா?

தினம் இரண்டு வேளை குளிக்கிறவர் நீங்கள். வெள்ளிக்கிழமை தவறினாலும் எண்ணெய் ஸ்நானம் தவறாது. உங்களைப் பார்த்து ஒருத்தி, "அடாடா, உடம்பில் எவ்வளவு அழுக்கு!" என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோபம் வரும் அல்லவா? ஆனால் கொரியாவில் அப்படிச் சொல்கிறவளுக்குப் பணமும் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வர வேண்டும். வருத்தத்தோடு அல்ல, பரம சந்தோஷத்தோடு!

நம்பிக்கை இல்லையா? கேளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. அதிலிருந்து கொரியாக்காரர்கள் சென்னையில் ஜாகை வைப்பதும், நம்மவர்கள் கொரியாவுக்குப் போய் வருவதும் சாதாரணமாகிவிட்டன. உங்கள் கணவருக்கும் அப்படி ஓர் உத்தியோகம் கிடைத்து, நீங்களும் கூடப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம்.

அங்கே அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு 'ஓம்மா'. முதல் நாள் இதைக் கேட்டு மகிழ்ந்து போவீர்கள். ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் காலம் தள்ளுவது? குளிர் காலம் வந்துவிடும். சியோலில் ஜனவரி மாதத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவது உண்டு. அவர் ஆபீஸுக்குப் போய்விடுவார். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே நீங்கள். தோல் வறண்டு வெள்ளை பூத்து நிற்கும். மனசும் அப்படித்தான் இருக்கும்.

அப்போது அடுத்த வீட்டு அம்மாள் வந்து, "குளிக்கப் போகலாம், வாருங்கள்" என்பாள்.

கூச்சம் என்னும் முதல் படி

பொதுக் குளியல் வீட்டுக்கு அங்கே 'மொக்யோக்தாங்' என்று பெயர். ஆண்களுக்குத் தனிப் பகுதி, பெண்களுக்குத் தனிப் பகுதி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு சிறு அலமாரிக்குச் சாவி தருவார்கள். அதில் உங்கள் துணிமணிகளை வைத்துப் பூட்டி, சாவியைக் கைவளை மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

துணிமணிகள் என்றால் எல்லாத் துணிமணிகளும்தான், அம்மணி! நூலிழை கூட மிச்சம் இருக்கக் கூடாது.

"ஐயோ, வேண்டாம்!" என்று நீங்கள் அலறுவது காதில் விழுகிறது. குளத்தில் குளித்தாலும் மார்புக்கு மேல் புடைவையைக் கட்டிக்கொண்டு இறங்கிய பரம்பரை நாம். நானும் அப்படித்தான் கதவருகே கால் மணி நேரம் நின்றேன். ஆனால் உள்ளே போனதும் ஒன்று புரிகிறது. உங்களை ஒருவரும் பார்ப்பதில்லை. அவரவர் அவரவர் வேலையில் இருக்கிறார்கள். எண்பது வயதுப் பாட்டி, ஆபரேஷன் தழும்போடு ஒரு மாமி, பிள்ளை பெற்று வயிறு தளர்ந்த ஓர் இளம் தாய், அவள் இடுப்பை விடாத குழந்தை. விளம்பரங்களில் வரும் உடம்பு அங்கே ஒன்றுகூட இல்லை. எல்லாம் நம் வீட்டு உடம்புகள்தான்! "இவ்வளவு நாளாக எதை மறைத்து மறைத்துக் கவலைப்பட்டோம்?" என்று தோன்றிவிடும்.

கொதிக்கிறது, குளிர்கிறது!

தொட்டியில் நேரே இறங்கிவிடக் கூடாது. முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து நன்றாகக் குளித்துவிட்டு, தலைமயிரைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான தண்ணீர் அல்லவா?

தொட்டிகள் பல. மிதமான வெந்நீர் ஏறக்குறைய 40 டிகிரி. அதைவிடச் சூடான தொட்டி ஒன்று. குளிர்ந்த நீர்த் தொட்டி ஒன்று. கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்திருக்கும் பாட்டிமார்கள் பெருமூச்சு விட்டு, 'ஷிவோன்ஹாதா!' என்கிறார்கள். அர்த்தம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 'குளிர்ச்சியாக இருக்கிறது' என்று அர்த்தம்!

சிரிக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு, "அப்பாடா, உஷ்ணம் தணிந்தது" என்று சொல்கிறவர்கள் நாம். நமக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

இருபது, முப்பது நிமிஷம் ஊறியதும் விரல் நுனிகள் சுருங்கும். தோல் பதமாகிவிட்டது என்று அர்த்தம். இனிமேல்தான் கச்சேரி.

இத்தாலிக்குத் தெரியாத இத்தாலித் துவாலை

ஓர் ஓரத்தில் ரெக்ஸின் போட்ட உயரமான கட்டில். பக்கத்தில் தேய்த்துவிடும் அம்மாள். அவளை 'இமோ' என்று கூப்பிடலாம். 'இமோ' என்றால் அம்மாவின் கூடப் பிறந்தவள். நம் பாஷையில் சித்தி, பெரியம்மா.

இமோவின் கையில் ஒரு சிறு உறை. சொரசொரப்பான விஸ்கோஸ் துணி. பெரும்பாலும் பச்சை நிறம். அதற்கு 'இத்தாலித் துவாலை' என்று பெயர். இத்தாலிக்காரரிடம் கேட்டால் விழிப்பார்! 1960-களில் பூசான் நகரில் பிறந்த சரக்கு அது. துணி முதலில் இத்தாலியிலிருந்து வந்ததால் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பீர்க்கங்கூட்டுக்கு அத்தை மகள் என்று சொல்லலாம். கொஞ்சம் முரட்டு அத்தை மகள்.

சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. வழுக்கினால் வேலை நடக்காது. மல்லாந்து படுக்க வேண்டும். கழுத்தில் தொடங்கி, கை, விலா, கால் என்று ஓர் இடம் விடாமல் நீளநீளமாகத் தேய்க்கிறாள் இமோ. ஒரு பக்கம் முடிந்ததும் கையால் ஒரு தட்டு. திரும்ப வேண்டும் என்று அர்த்தம். பாஷையே தேவையில்லை. சற்று எரிகிறது, ஆனால் வலி இல்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தால், ஐயையோ! ரப்பரால் அழித்த காகிதத்தில் துகள் சுருண்டு கிடக்குமே, அதே மாதிரி சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக! இவ்வளவும் நம் உடம்பிலா? இமோ சிரிக்கிறாள். வாளி வாளியாக வெந்நீரை ஊற்றுகிறாள். எழுந்து கையைத் தொட்டுப் பார்த்தால் பிறந்த குழந்தையின் கன்னம்!

உண்மையில் அது தெருப் புழுதி அல்ல. நம் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்கள் ஓர் அடுக்காக இருக்கின்றன. தாமாகவே உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை வந்துகொண்டிருக்கும். வெந்நீரில் ஊறி இளகிய அந்த அடுக்கைத்தான் துவாலை வழித்து எடுக்கிறது. ஆகையால் குளிக்காதவள் என்று யாரும் உங்களைக் குற்றம் சாட்ட முடியாது!

அந்த அடுக்கு உடம்புக்குக் கவசமும்கூட. அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் தோல் வறண்டு போகும். புண், படை, கரப்பான் உள்ளவர்கள் தேய்க்கவே கூடாது. கர்ப்பிணிகளும் இருதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த வெந்நீர்த் தொட்டியில் இறங்கக் கூடாது. தேய்த்த பிறகு உடம்புக்கு ஏதாவது களிம்போ எண்ணெயோ தடவிக்கொள்வது நல்லது.

ராஜாவும் குழந்தையும்

வெந்நீர் மோகம் கொரியாவுக்குப் புதிதல்ல. கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னரே 1433-ல் ஓன்யாங் வெந்நீர் ஊற்றுக்குப் போய்த் தங்கியிருக்கிறார். பொதுக் குளியல் வீடுகள் ஊர் ஊராகப் பரவியது இருபதாம் நூற்றாண்டில். யுத்தம் 1953-ல் ஓய்ந்த பிறகும், பல வீடுகளில் குளியலறை கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் தாய் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தேய் தேய் என்று தேய்ப்பாள். குழந்தைகள் கத்தும். பண்டிகைக்கு முன்னால் கூட்டம் தாங்காது.

இந்த நினைவை வைத்து பேக் ஹீனா என்ற எழுத்தாளர் 2012-ல் ஒரு படக்கதை வெளியிட்டார். பழைய குளியல் வீடு ஒன்றில் ஒரு சிறுமி ஒரு கிழத் தேவதையைச் சந்திக்கும் கதை. அழாமல் தேய்த்துக்கொண்டால் அம்மா தயிர்ப் பானம் வாங்கித் தருவாள்! நம் வீட்டில் சீயக்காய் கண்ணில் பட்டு அழுத குழந்தைக்குச் சர்க்கரை கொடுத்தது நினைவு வருகிறதா?

இன்று வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது. 2020-ல் வந்த தொற்று நோய்க் காலத்துக்குப் பிறகு பல குளியல் வீடுகள் மூடிவிட்டன. எரிபொருள் விலையும் ஏறிப்போயிற்று. அவற்றோடு ஒரு வழக்கமும் மறைந்து வருகிறது. தனியாக வந்த ஒருத்தி, பக்கத்தில் இருக்கும் முன்பின் அறியாதவளிடம், "உங்கள் முதுகைத் தேய்த்து விடட்டுமா?" என்று கேட்பாள். பிறகு இவள் முதுகை அவள் தேய்ப்பாள். பெயர் கூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

உடம்பில் நம் கைக்கு எட்டாத இடம் முதுகுதானே? சின்ன வயதில் நமக்கு அம்மா தேய்த்தாள். அம்மாவுக்கு இப்போது யார் தேய்க்கிறார்கள்? இதற்குக் கொரியாவுக்குப் போக வேண்டியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவோ மாமியாரோ எண்ணெய்க் கிண்ணத்தோடு போகும்போது, "முதுகு தேய்த்து விடட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதுக்குடி அதெல்லாம்!" என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள்.