ஒரு பல்லுக்கு இரண்டு தீர்ப்பா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருக்கும் தாய் ஒருவர் கேட்கிறார்: "என் மகளுக்குக் கடைவாய்ப் பல் இரண்டை அடைக்க வேண்டும் என்றார் ஒரு பல் மருத்துவர். இன்னொரு கிளினிக்கிற்குப் போனோம். ஒன்றும் வேண்டாம், ஒழுங்காகப் பல் துலக்கினால் போதும் என்கிறார்கள். யாரை நம்புவது டாக்டர்?"

நல்ல கேள்வி அம்மா. இருவரில் ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அப்படியும் நடக்கலாம், மறுக்கவில்லை. ஆனால், நேர்மையான இருவர்கூட ஒரே பல்லுக்கு இரண்டு தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஸ்காட்லாந்தில் 15 பல் மருத்துவர்கள் அதே 18 இளையோரைப் பரிசோதித்த ஆய்வு 1983-இல் வெளிவந்தது. அடைக்க வேண்டும் என்று அவர்கள் குறித்த எண்ணிக்கை ஒருவருக்கொருவர் பல மடங்கு வேறுபட்டது. 1997-இல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழுக்காக ஒரு செய்தியாளர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் வாயைத் திறந்து காட்டினார். ஒருவர் சொன்ன செலவு 500 டாலருக்கும் குறைவு. இன்னொருவர் சொன்னதோ ஏறக்குறைய 30,000 டாலர்!

காரணம் என்ன? சொத்தை ஒரே நாளில் ஓட்டையாகிவிடுவதில்லை. இனிப்பைத் தின்னும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. அது பல்லின் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. எச்சில் அதை மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது. கரைவது அதிகமானால் முதலில் வெள்ளைப் புள்ளிதான் தோன்றும். மேற்பரப்பு உடையாதவரை, ஃபுளோரைடு பற்பசையாலும் இனிப்பைக் குறைப்பதாலும் அதை நிறுத்திவிடலாம். பல்லில் ஓட்டை விழுந்துவிட்டால், அது தானாக மூடாது.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் குழப்பம். வெறும் கறையா, சொத்தையா? எக்ஸ்ரே நிழல் எவ்வளவு ஆழம்? ஒருவர் 'இப்போதே அடைப்போம்' என்பார். மற்றவர் 'ஆறு மாதம் பார்ப்போம்' என்பார். இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2002-இல் தொடங்கி, சொத்தையை 0 முதல் 6 வரை தரம் பிரிக்கும் அனைத்துலக முறை ஒன்று உருவாக்கப்பட்டது.

அவசரப்பட்டு அடைத்தால் என்ன நட்டம் என்று கேட்கலாம். துளைத்த பல் மீண்டும் வளராது, அன்பர்களே. எந்த அடைப்பும் ஆயுளுக்கும் நிற்பதில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகிறது. பத்து வயதில் தொடங்கிய சிறு துளை, நடுவயதில் பல்லையே பறித்துவிடலாம்.

எனவே, பெற்றோர்களே, மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பல்லின் மேற்பரப்பு உடைந்திருக்கிறதா? எக்ஸ்ரேயில் எனாமலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறதா? சென்ற முறை பார்த்ததைவிடப் பெரிதாகியிருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் காத்திருக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. பழைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டாமவர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ஆனால், காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. சொன்ன தேதியில் திரும்பப் போக வேண்டும். ஓட்டை விழுந்த பல்லையும் இரவில் வலிக்கும் பல்லையும் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம்.