அளவும் வகையும்

பொருள்களை ஆராய்வார் இருவகை வினாக்களை எழுப்புவர். ‘எவ்வளவு?’ என்பது ஒன்று, ‘எது?’ என்பது மற்றொன்று. முன்னதற்கு எண் விடையாகும். பின்னதற்குப் பெயர் விடையாகும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினால் ஆய்வு பிழைபடும். கலவைகளை ஆராயும் சோதனைகளில் இவ்வுண்மை தெள்ளிதின் விளங்கும்.

கலவைக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. வயலுக்கு இடும் எருவைக் கூட்டினால் பாய்ச்சும் நீரைக் குறைக்க வேண்டுவதில்லை. கலவையின் உறுப்புகளோ அத்தகையன அல்ல. அவற்றின் பங்குகள் யாவும் சேர்ந்து எஞ்ஞான்றும் நூறாதல் வேண்டும். ஆதலின், ஒன்று மிகின் மற்றொன்று குறையும். இத்தகைய கலவைகளுக்கு உரிய சோதனை நெறியை ஹென்றி ஷெஃபே என்னும் அமெரிக்க அறிஞர் 1958ஆம் ஆண்டில் வெளிவந்த தம் கட்டுரையில் வகுத்துரைத்தார். மூன்று உறுப்புகளையுடைய கலவைகளை ஒரு முக்கோணத்தினுள் புள்ளிகளாகக் குறிக்கலாம். அதன் மூன்று முனைகளிலும், மூன்று பக்கங்களின் நடுவிலுமாக ஆறு கலவைகளைச் சோதித்தல் அவர் காட்டிய வழிகளுள் ஒன்றாகும்.

‘கோல்டு கிரீம்’ எனப்படும் களிம்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எண்ணெய், தேன்மெழுகு, நீர் ஆகிய மூன்றும் அதன் பழைய உறுப்புகள். இவற்றின் பங்குகளை மாற்றி, நன்கு பூசத்தக்க களிம்பைக் காண விழைகிறார் ஓர் ஆய்வாளர். ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகிய மூன்றனுள் எது ஏற்றது என்பதையும் அவர் அறிய வேண்டும். மெழுகின் பங்கு அளவைப் பற்றியது. எண்ணெயின் பெயர் வகையைப் பற்றியது.

இக்காலத்தில் சோதனைத் திட்டத்தைக் கணினியே வரைந்து தருகிறது. டிசைன் எக்ஸ்பர்ட், ஜேஎம்பி முதலிய மென்பொருள்கள் அதற்குப் பயன்படுவன. எனினும், ஒவ்வொரு காரணியும் எத்தன்மையது என்பதை மனிதரே அறிவித்தல் வேண்டும். மூன்று எண்ணெய்களுக்கும் 1, 2, 3 என எண்ணிட்டு, அவற்றை அளவெனப் பதிந்தால், பாதாம் எண்ணெய் மற்ற இரண்டிற்கும் நடுவில் நிற்பது என்று கணினி கொள்ளும். ‘ஒன்றரை’ என்னும் எண்ணெயே சிறந்தது என்றும் கூறிவிடும்! அத்தகைய எண்ணெய் எந்தக் கடையிலும் இல்லை. இனி, மூன்று எண்ணெய்களையும் தனித்தனி உறுப்புகளாகப் பதிந்தால், அவற்றை ஒருங்கே கலந்த களிம்புகளைச் செய்யுமாறு அது பணிக்கும். அது வேறொரு வினாவிற்கு விடையாகுமேயன்றி, ‘எந்த எண்ணெய்?’ என்பதற்கு விடையாகாது.

ஆதலின், எண்ணெய், மெழுகு, நீர் என்பவற்றின் பங்குகளைக் கலவைக் காரணிகளாகவும், எண்ணெயின் பெயரை வகைக் காரணியாகவும் பிரித்துப் பதிதலே முறை. எண்ணெயே இல்லாத கலவையில் ‘எந்த எண்ணெய்?’ என்னும் வினாவிற்கு இடமில்லை. அதனால் கீழெல்லையும் வகுத்தல் வேண்டும். எண்ணெய் 50, மெழுகு 10, நீர் 20 விழுக்காட்டிற்குக் குறையலாகாது எனக் கொண்டால், எஞ்சிய 20 பங்கே மாறுதற்குரியது. முக்கோணம் சிறிதாகும், எல்லா முனைகளிலும் எண்ணெய் இருக்கும். எண்ணெய் மிக்க முனையில் 70, 10, 20 என்றும், மெழுகு மிக்க முனையில் 50, 30, 20 என்றும், நீர் மிக்க முனையில் 50, 10, 40 என்றும் பங்குகள் அமையும்.

ஓர் எண்ணெய்க்கு ஆறு கலவைகள் எனின், மூன்று எண்ணெய்களுக்குப் பதினெட்டாகும். ஒரே எண்ணெயைக் கொண்டு ஆறனை மட்டும் செய்து, அம்முடிவை மற்றவற்றிற்கும் ஏற்றிக் கூறினால் என்ன? ஓர் எண்ணெய்க்கு உகந்த மெழுகின் பங்கு வேறோர் எண்ணெய்க்கு மிகுதியாகலாம். வகை மாறும்போது அளவின் பயனும் மாறக்கூடும் என்பதை அறியவே பதினெட்டும் வேண்டப்படுகின்றன. அவற்றுட் சிலவற்றை மீண்டும் செய்து பார்த்தால்தான், தோன்றும் வேறுபாடு பொருளால் வந்ததா, தற்செயலாய் நேர்ந்ததா என்பது புலப்படும். சோதனைகளைப் பதிந்த வரிசையிலன்றிக் குலுக்கிய வரிசையில் செய்தலும் வேண்டும். இல்லையேல், நாள்தோறும் மாறும் வெப்பநிலையின் விளைவு எண்ணெயின் குணமாகத் தோன்றிவிடும்.

கணினி கணக்கில் தவறுவது அரிது. ஆனால், தனக்கு இட்ட எண் அளவைக் குறிப்பதா, பெயருக்கு நிற்பதா என்பதை அது தானே உணராது. பிழையாகப் பதிந்த காரணிக்கும் அது பிழையற்ற கணக்கையே செய்து தரும். பல நாள் உழைப்பும் பொருட்செலவும் அக்கணக்கினால் வீணாதல் கூடும். ஆதலின், ‘எவ்வளவு?’ என்று அளக்கத் தொடங்குமுன் ‘எது?’ என்று தெளிதல் ஆய்வாளரின் முதற்கடமையாகும்.